நியாயமான விலை எது?

ஒருவருடைய தொழுகையைப் பார்த்து அவருடைய மார்க்கப் பற்றை அளந்துவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் மற்றொருவரின் நேர்மைக்குச் சாட்சி கூற வந்தபோது, அவரோடு நீர் பிரயாணம் செய்ததுண்டா, தீனார் திர்ஹத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டதுண்டா என்றே விசாரித்தார்கள். இரண்டும் இல்லை என்றதும், பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைத்தான் நீர் பார்த்திருக்கிறீர்; அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறி, வேறு சாட்சியைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தச் சோதனை நம் வீட்டு வாசலுக்கே வந்தது. அதில் நாம் தேறினோமா இல்லையா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நம் வீடு கோரிமேட்டில் இருக்கிறது. புதுவையிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் பகுதி. சற்று அப்பால் போனால் பட்டானூர்; அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. 1954 நவம்பர் 1 வரை இது இரு ஆட்சிகளின் எல்லை. இன்று இரு வரி முறைகளின் எல்லை. 'கோரி' என்றால் நம் முன்னோர் வழக்கில் கப்று. ஊரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு அந்த நினைவு வந்து போகும். மருத்துவமனை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும் நோயாளிகளையும், அவர்களைத் தாண்டிச் சீறிப் பாயும் கார்களையும் ஒரே சாலையில் பார்க்கும்போது அந்த நினைவு இன்னும் அழுத்தமாக வரும்.

ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். துபாயில் 12 ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவர். குடியிருப்பு பட்டானூர்ப் பக்கம். கைப்பேசியில் ஒரு காரின் படத்தைக் காட்டினார். பி.எம்.டபிள்யூ. எம் 340 ஐ என்று பெயர். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 387 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 வினாடி போதுமாம். 2021 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது ஷோரூம் விலையே 62.9 லட்சம். ஜெர்மன் பெயரைத் தாங்கியிருந்தாலும் இந்த வண்டி பூட்டப்பட்டது நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்.

"நாலு வருஷ வண்டி, 28 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. 36 லட்சம் கேக்கிறாங்க மாமு. நியாயமான விலைதானா? நான் ஏமாந்துடக் கூடாது" என்றார்.

அவர் கேட்டது கார் விலை. ஆனால் அந்தக் கேள்விக்குள் மார்க்கத்தின் மஸ்அலாக்கள் பல அடங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேகமான வாகனம் ஆகுமா?

இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. மதீனாவில் ஓர் இரவு பெருஞ்சத்தம் கேட்டு மக்கள் அஞ்சியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணமும் பூட்டாமல் ஏறி, மற்றவர்களுக்கு முன்பே போய்ப் பார்த்துத் திரும்பினார்கள். அந்தக் குதிரையின் ஓட்டத்தைக் கடலுக்கு ஒப்பிட்டுப் பாராட்டவும் செய்தார்கள். ஆகவே நல்ல வாகனத்தின் வேகத்தை ரசிப்பது குற்றமல்ல. குற்றம் வீண் விரயத்திலும் பெருமையிலும் இருக்கிறது. விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் நடுவழியில் செலவிடுவோரைக் குர்ஆன் (25:67) புகழ்கிறது. இந்த இளைஞருக்குக் கடனில்லை. ஸகாத்தை முறையாகக் கொடுப்பவர். தங்கைக்குத் திருமணம் முடித்துவிட்டார். எனினும் 36 லட்சம் என்பது பெரிய தொகை என்று சொன்னோம். அவர் சிரித்தார். அந்தக் கணக்கு அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையில் உள்ளது.

விலைக்கு ஓர் அளவுகோல் உண்டா?

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே; எவருடைய உயிரிலோ பொருளிலோ அநீதி செய்தவனாக நான் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் அவர்கள் மறுத்துவிட்டார்கள். உர்வா (ரலி) என்ற ஸஹாபியிடம் ஓர் ஆடு வாங்க ஒரு தீனாரைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் அதே தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து வைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரகத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள்.

இந்த இரண்டிலிருந்தும் நமக்குத் தெரிவது என்ன? லாபத்துக்கு இத்தனை சதவீதம் என்ற எல்லையை ஷரீஅத் போடவில்லை. வாங்கிய விலையில் ஆண்டுக்கு இவ்வளவு கழித்தால் வருவதே நியாய விலை என்றும் சொல்லவில்லை. பழைய காரின் சொந்தக்காரர், நான் இத்தனை லட்சம் போட்டேன் என்பார். அது அவருடைய செலவு. இன்றைய விலை அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 40 சதவீதமாக்கப்பட்டு, அதற்கு மேல் இருந்த ஈட்டு வரியும் நீங்கியது. புதிய கார்களின் விலை இறங்கியது. புதியது இறங்கினால் பழையதும் ஓரளவு இறங்கத்தான் செய்யும். பழைய வண்டியின் விலை என்பது, அதே வகையில், அதே வயதில், அதே நிலையில் உள்ள வண்டிக்கு இன்று சந்தையில் மக்கள் மனமொப்பிக் கொடுக்கும் தொகை. அவ்வளவுதான்.

ஆனால் 'அதே நிலையில்' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிலையை அறிவது யார் பொறுப்பு? நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முயீன் என்ற கிதாபை எழுதியவர் மலையாளக் கரையின் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். கண்ணாடித் துண்டை ரத்தினம் என்று தானே கற்பனை செய்துகொண்டு பெரும் விலைக்கு வாங்கியவருக்கு, விலை அதிகம் என்ற ஒரே காரணத்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை இல்லை என்று அதில் விளக்குகிறார்கள். விசாரிக்காமல் தன் கற்பனையின்படி நடந்தது அவருடைய குறையே என்பது காரணம். ஷாஃபிஈ மத்ஹபின் நிலை இது. எனவே வாங்குபவரின் முதற் கடமை விசாரணை. நாமும் விசாரிக்கப் புறப்பட்டோம்.

நனைந்த தானியம்

இதே வகைக் கார்களுக்கு வெளியில் 44 முதல் 47 லட்சம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது மட்டும் 36. விலை குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை. மழை பெய்தது அந்த மனிதரின் குற்றமும் அல்ல. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம்.

புதுவைக்காரர்களுக்கு இந்த ஹதீஸை விளக்கவே தேவையில்லை. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான நகர்களில் கார்கள் நீரில் நின்றன. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதுவே நடந்தது. இப்படி நனைந்த வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் சேதம் என்று கணக்குத் தீர்த்து ஏலம் விடும். ஏலத்தில் எடுத்தவர்களில் சிலர் கழுவி, காயவைத்து, மெருகேற்றி மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். ஒரு நவீன காருக்குள் மின்னணுப் பெட்டிகள் பல இருக்கும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கையை விரிக்கும்.

அரபு நாட்டுப் பணிமனைகளில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். அவர் பார்த்த முறையை வாசகர்களுக்கும் சொல்லிவைப்பது நல்லது. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்த்தார். சீட்டுக்குக் கீழே உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவினார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். நீர் ஏறியிருந்தால் அங்கே சேற்றுக் கோடு தெரியும். விளக்குக் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா, ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றெல்லாம் ஆராய்ந்தார். ஈரத்தின் அடையாளம் எங்குமில்லை.

அடுத்து, ஓடிய தூரம். பால் கறக்கும் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கச் செய்து காட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுக்கும் முறையையும் வகுத்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதை மற்ற தந்திரங்களுக்கும் விரிக்கிறார்கள். விற்கும் நேரத்தில் ஆலையின் நீரைத் தேக்கிவைத்துத் திறந்து, நீர்வரத்து ஏராளம் என்று காட்டுவதும் அப்படிப்பட்டதே. இன்று மடிக்குப் பதில் மீட்டர். ஒரு மடிக்கணினியைச் சொருகி 90 ஆயிரத்தை 30 ஆயிரமாக்கிவிடும் கைகள் நம் நாட்டில் உண்டு. எச்சரிக்கை விளக்கு எரியாதபடி பழுதுக் குறிப்புகளை முதல் நாளே அழித்துவைப்போரும் உண்டு. நம் மெக்கானிக் மீட்டரை நம்பவில்லை. சர்வீஸ் பதிவு, டயரில் பொறித்த தேதி, பிரேக் தட்டின் தேய்மானம், பெட்டிகளுக்குள் பதிவான எண் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார். 28 ஆயிரம் உண்மைதான்.

அறிவை மறைப்பதும் ஒரு மோசடி என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு ஹுர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து ஏராளமான குதிரைகள் வந்திறங்கின. அக்காலத்து மன்னர்களின் உயர்ந்த வாகனம் அது. இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரியாததால் அவை விரைவில் மடிந்தன. லாடம் அடித்துப் பேணத் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கு வரவிடவில்லை. குதிரை சாகச் சாகத்தான் வியாபாரம் நடக்கும் என்பது அவர்கள் கணக்கு என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்த வியாபாரிகளில் நம்மவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

யானையை வாங்குவதைவிடத் தீனி போடுவதுதான் பெரும்பாடு என்பார்கள். இந்த வகை வண்டிக்கு நான்கு டயர் மாற்றினாலே லட்ச ரூபாய் கரைந்துவிடும். உத்தரவாதம் முடிந்தபின் ஒரு பெரிய பழுது வந்தால், சாதாரண கார் ஒன்றின் விலையே செலவாகலாம். இதையும் விலையில் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாத பங்காளி

வண்டியின் எண் பி.ஒய். 01 என்று தொடங்கியது. பதிவுப் புத்தகத்தில் வங்கிக் கடன் குறிப்பு இல்லை. அபராதம் நிலுவை இல்லை. ஆனால் வாங்குபவர் குடியிருப்பதோ தமிழ்நாட்டில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெறவேண்டும். அந்த மாநில வரியையும் செலுத்த வேண்டும். புதுவையில் வாகன வரி நெடுங்காலமாகவே அண்டை மாநிலங்களைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். என்றாலும் லட்சக்கணக்கில் வரும்.

"அதுக்கென்ன மாமு, முத்தியால்பேட்டையில எங்க மாமா வீடு இருக்கே. அந்த விலாசத்தைப் போட்டுடலாம்" என்றார் இளைஞர்.

இது புதிய யோசனையல்ல. 2017-ல் கேரளத்தின் சில திரைப் பிரமுகர்களின் சொகுசுக் கார்கள், குடியிராத புதுவை விலாசங்களில் பதிவானதாக விசாரணைக்கு உள்ளாயின. அங்கே கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம் வரி. இங்கே ஓரிரு லட்சம். அந்த வித்தியாசத்துக்காக ஒரு பொய். நாம் அந்த இளைஞரிடம் கேட்டோம்: "தம்பி, விற்பவர் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறோம். நீங்கள் வாங்கும்போது ஊராரை ஏமாற்றலாமா? சாலையும் ஆஸ்பத்திரியும் அந்த வரியில்தானே நடக்கின்றன?" அவர் தலை குனிந்தார். வரியையும் கூட்டியே கணக்குப் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அம்மையார் கேட்ட கேள்வி

ஆக, வண்டியில் குறையில்லை. காகிதத்தில் குறையில்லை. பிறகு ஏன் 36 லட்சம்?

காரணம் அந்த வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாகத் தொங்கியது. வண்டிக்குச் சொந்தக்காரரான மருத்துவர் சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். பதிவு மனைவி பெயருக்கு மாறியிருந்தது. அந்த இந்து அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது, விலையும் தெரியாது. வரி குறைந்ததால் பழைய வண்டியைச் சீந்துவாரில்லை, 36-க்கு மேல் போகாது என்று தரகர் சொல்லியிருந்தார். ஒரு துளி உண்மையில் ஒரு குடம் பொய்யைக் கலந்திருந்தார். நம் இளைஞரிடமோ, இன்னும் இரண்டு பேர் பணத்தோடு காத்திருக்கிறார்கள், இன்றே அச்சாரம் போடுங்கள் என்று அவசரப்படுத்தினார். அப்படி யாரும் காத்திருக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. வாங்கும் எண்ணமில்லாத ஆளை வைத்து விலையை ஏற்றிக் கேட்கச் செய்வதை மார்க்கம் நஜ்ஷு என்று பெயரிட்டுத் தடுத்திருக்கிறது. இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்வதும் அதன் உடன்பிறப்புதான்.

மெக்கானிக் நம் காதருகே வந்து, "தாராளமா 44 போகும்" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அப்போது நம் வாயில் முதலில் வந்த சொல் அல்ஹம்துலில்லாஹ். நம் பிள்ளைக்கு நல்ல பேரம் கிடைத்ததே என்ற மகிழ்ச்சி.

அம்மையார் தேநீர் கொடுத்தார். நம் தாடியையும் தொப்பியையும் பார்த்திருப்பார். "பாய், நீங்க பெரியவங்க. நீங்க கூட வந்திருக்கறதால எனக்குப் பயமில்ல. இந்த விலை சரிதானே?" என்று கேட்டார்.

"பார்த்துச் சொல்கிறோம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

அன்றிரவு நடந்த வாதம்

வரும் வழியிலேயே அது உறுத்தத் தொடங்கியது. இளைஞரிடம் சொன்னோம். அவர் கோபப்பட்டார். அவர் வாதம் லேசானதல்ல. விலையைச் சொன்னவர் அந்த அம்மா. நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இருவரும் மனமொப்பிச் செய்யும் வியாபாரத்தைக் குர்ஆனே (4:29) அனுமதிக்கிறது. உர்வா (ரலி) அவர்கள் ஆட்டுக்காரரிடம் போய், நீர் மலிவாக விற்கிறீர் என்று சொன்னாரா? விசாரிப்பதும் அலைவதும் ஓர் உழைப்பு. அதன் கூலிதானே லாபம்? ஒவ்வொருவரும் எதிராளிக்கு விலை சொல்லிக்கொடுத்தால் உலகில் வியாபாரமே நடக்காது. ரத்தினத்தைக் கண்ணாடி விலைக்கு விற்றால் அது விற்றவரின் குறை என்று நீங்கள்தானே கிதாபைக் காட்டினீர்கள்? துபாயில் என் முதல் காரை வாங்கியபோது என்னை ஏமாற்றினார்கள். எந்தப் பெரியவரும் வந்து சொல்லவில்லையே?

சட்டப்படி அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. 36 லட்சத்துக்கு எழுதிக்கொடுத்தால் வியாபாரம் செல்லும். ஒரு கார் வியாபாரி தன் கடையில் விலை தவறிப் போட்டிருந்தால் நாமும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். சந்தையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தை தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த அம்மையார் சந்தைக்கு வந்தாரா? கிராமத்திலிருந்து சரக்கோடு வரும் கூட்டத்தை, அவர்கள் ஊருக்குள் வந்து விலை அறிவதற்கு முன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்றவர் சந்தைக்கு வந்து பார்த்தபின் முறித்துக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்கள். அங்கேயும் விலையைச் சொன்னவர் விற்பவர்தான். அங்கேயும் இருவர் மனமும் ஒப்பியது. ஆனாலும் ஷரீஅத் குறுக்கே வந்தது. ஏனெனில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது கிடைக்கும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. துக்கம் நடந்த வீட்டின் கூடத்தில், தரகர் ஒருவரின் சொல்லை மட்டும் நம்பியிருக்கும் விதவை, சந்தைக்கு வந்து சேராத அந்தக் கூட்டத்தைப் போன்றவரே.

இன்னும் ஒன்று. அந்த அம்மையார் நம்மிடம் ஆலோசனை கேட்டுவிட்டார். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்தைச் சுமந்தவர் என்பது ஹதீஸ். கேட்கும் வரை மௌனமாக இருந்தது ஒரு நிலை. கேட்டபின் மௌனமாக இருப்பது, நனைந்ததை அடியில் தள்ளுவது. தானியத்தில் ஈரம் மறைந்திருந்தது. இங்கே விலை மறைந்திருக்கிறது. மறைத்தவர் விற்பவராக இருந்தாலென்ன, வாங்குபவராக இருந்தாலென்ன?

அவர் முஸ்லிம் அல்லவே என்று சிலர் கேட்கக்கூடும். நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்யவும் நீதியாக நடக்கவும் குர்ஆன் (60:8) தடை சொல்லவில்லை. நீதியாளர்களை அல்லாஹ் நேசிப்பதாகவே சொல்கிறது. மக்களின் பொருள்களை மதிப்புக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்தது (7:85) ஈமான் கொண்டவர்களின் பொருளை மட்டும் பற்றியதல்ல. எல்லா மக்களின் பொருளையும் பற்றியது.

இறுதியில் அந்த இளைஞருக்கு ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னோம். அதுவும் வாகனம் வாங்கிய கதைதான். அவர்களுடைய பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் வாங்கிக்கொள்ள விற்பவரையும் அழைத்துவந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்துவிட்டு, உமது குதிரை 300-ஐவிட உயர்ந்ததாயிற்றே, 400-க்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். பிறகு நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். காரணம் கேட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்றார்கள். எல்லோரும் ஜரீராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது இஹ்ஸானின் உச்சி. ஆனால் கேட்டவருக்கு உண்மையைச் சொல்வது உச்சியல்ல; அது தரை.

இளைஞர் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

முடிவு

மறுநாள் பஜ்ருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். "ஏறுங்க மாமு" என்றார். வேறொன்றும் பேசவில்லை. வெயில் ஏறிய பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். நாம் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "அம்மா, நேத்து விலை சரியான்னு கேட்டீங்க. சரியில்ல. வெளியில 44-க்கு மேல போகும். என்னால, வரியெல்லாம் கூட்டிப் பார்த்தா, 41-தான் கொடுக்க முடியும். நாலு பேரை விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

அம்மையார் கடலூரிலுள்ள தம்பிக்குத் தகவல் சொன்னார். பத்து நாள் கழித்து, சென்னைக்காரர் ஒருவர் 45 லட்சத்துக்கு அந்த வண்டியை வாங்கிப் போனார். தரகர் நம்மைத் தெருவில் நிறுத்தி, பாய் என் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டார். இளைஞர் ஒரு மாதம் நம்மிடம் பேசவில்லை. பிறகு ஒரு ஜும்ஆவுக்குப் பின் அருகில் வந்து, "இன்னும் அந்த வண்டி கண்ணுக்குள்ளேயே நிக்குது மாமு" என்றார். நமக்கும் அப்படித்தான் என்றோம். இருவரும் சிரித்தோம்.

அவருக்கு அதைவிடச் சிறந்த வண்டி மலிவாகக் கிடைத்தது என்று எழுத முடிந்தால் வாசகர்கள் மகிழ்வார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை விளக்கினால் அவர்கள் வியாபாரத்தில் பரகத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது ஹதீஸின் கருத்து. அந்தப் பரகத்து லட்சக் கணக்கில்தான் திரும்ப வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகவே சகோதரர்களே! நியாயமான விலை எது என்ற கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகத் தேடாதீர்கள். விற்பவரா? ஈரத்தை மேலே வையுங்கள். விபத்து, வெள்ளம், பழுது எதுவாயினும் கேட்கும் முன்பே சொல்லுங்கள். வாங்குபவரா? விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், காகிதத்தைப் பாருங்கள், தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். வரியையும் பராமரிப்பையும் விலையில் கூட்டுங்கள். நல்ல பொருளைக் குறை சொல்லி அடிக்காதீர்கள். தரகரா? இல்லாத ஆளைக் காட்டாதீர்கள். ஆலோசனை கேட்கப்பட்டவரா? இரவு முழுதும் காத்திருக்காதீர்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரில் இருப்பவருக்கும் தெரிந்தால் அவர் இதே விலைக்கு ஒப்புவாரா என்று மனத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒப்புவார் என்றால் அது 36 ஆனாலும் 45 ஆனாலும் நியாய விலையே.

மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு: எங்கிருந்து சம்பாதித்தாய்? எதில் செலவிட்டாய்? வாங்கும் பொருளில் இந்த இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. செலவிட்டது ஒரு கை, அதில் மிச்சம் பிடித்தது மறு கை. 4.4 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் வாகனமானாலும், மாட்டு வண்டியானாலும், நம்மைக் கொண்டு சேர்க்கும் கடைசி நிறுத்தம் ஒரு கோரிதான்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உண்மையைப் பேசி, ஹலாலான பொருளில் பரகத் பெறும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.